வளையத்தில் வைத்த பொட்டு

சின்னதுரைக்குப் பந்தயப் பைத்தியம் பிடித்தால் அவதிப்படுவது அழகுமுத்துதான். பூண்டுலோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தை நிர்வகித்த துரைக்கு அவன் கார் டிரைவர். ஆனால் பந்தயக் காரின் ஸ்டியரிங்கைத் துரை யாரிடமும் கொடுக்க மாட்டார். அழகுமுத்து பக்கத்தில் உட்கார்ந்து வளைவுகளில் உடம்பைச் சாய்த்துக் கனம் கொடுக்க வேண்டும். அரிசி மூட்டைக்கு யூனிபார்ம் போட்டது மாதிரி என்று அவன் சொல்லிச் சிரிப்பான். அவன் மனைவி நாகலெட்சுமிக்குச் சிரிப்பு வராது.

போன தடவை நுவரெலியா மலையேற்றப் பந்தயத்தில் கார் ஒரு பக்கச் சக்கரத்தைத் தூக்கிவிட்டது. அகலக்கால் வைக்காதே என்று ஊரெல்லாம் சொல்லும். துரைக்கோ அதுதான் யோசனையாகத் தோன்றியது. சக்கரங்களை வெளியே தள்ளி மாட்டினால் கார் கவிழாதாம். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் மெஷின்களைப் பார்க்கும் பிட்டராக இருந்த கணேசமூர்த்தி, நாகலெட்சுமியின் அண்ணன், மூன்று விரல் கனத்தில் இரும்பு வளையங்கள் கடைந்து கொடுத்தான். அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வளையத்தை வைத்து, நீளமான ஆணிகளில் நட்டை முறுக்க வேண்டும்.

கடைந்து முடித்த அன்று ஆயுதபூசை. கழுவி அடுக்கிய ஸ்பேனர், சுத்தியல்களோடு வளையங்களும் சாமிக்கு முன்னால் உட்கார்ந்தன. பொட்டு வைத்தவள் நாகலெட்சுமி. மற்ற சாமான்களைத் தொட்டுவிட்டுப் போனவள், வளையங்களுக்கு மட்டும் இரண்டு பக்கமும் கட்டிச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்தாள். புருஷன் உட்காரப்போகிற வண்டி அல்லவா.

மறுநாள் காலையில் மாட்டும்போது கணேசமூர்த்தி எண்ணெய்த் துணியைக் கையில் எடுத்தான். தேத்தண்ணீர் கொண்டுவந்த நாகலெட்சுமி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பொட்ட அழிக்காதீங்கண்ணே. அவரு போற வண்டி."

இரும்பும் இரும்பும் சேருகிற இடத்தில் தூசிகூட இருக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். பொட்டை அழிப்பது என்றால் கட்டின பெண்டாட்டிக்கு என்ன அர்த்தம் என்பதும் தெரியும். தங்கையின் முகத்தைப் பார்த்தான். துணியைக் கீழே போட்டுவிட்டு, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி நட்டை முறுக்கினான்.

துரையும் அழகுமுத்துவும் ஏற, கார் வெள்ளோட்டத்துக்குக் கிளம்பியது. எதிரே இருந்த மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் ரோட்டில் உச்சி வரை போய், அதே வேகத்தில் இறங்க வேண்டும் என்பது துரையின் ஏற்பாடு. அண்ணனும் தங்கையும் ஸ்டோர் வாசலில் நின்றார்கள். கார் நின்றிருந்த இடத்தில் கணேசமூர்த்தியின் கண் பட்டது. கிளம்புவதற்கு முன் முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்த இடம். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கிடந்தது. உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இது உள்ளார இருந்த கனம், தங்கச்சி. உதிர்ந்தா அந்த எடம் காலி. நட்டு தானா எளகிரும்."

ஏற்றத்தில் வேகம் குறைவு, எப்படியோ தாங்கிவிடும். இறக்கத்தில் சக்கரம் கழன்றுவிடும் என்று அவன் சொன்னதை அவள் முழுதாகக் கேட்கவில்லை. நடு வளைவுக்குக் கீழே பள்ளம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரோட்டை விட்டு நேராக மலையில் ஏறி ஓடினாள்.

தேயிலைச் செடிகளைக் கட்டையாகக் கவ்வாத்து வெட்டிய மலை அது. தினமும் அவள் ஏறி இறங்குகிற மலைதான். வெட்டிய கட்டைகள் காலைக் கிழித்தன. மேலே கார் திரும்புகிற சத்தம் கேட்டது. பிறகு சீறிக்கொண்டு இறங்குகிற சத்தம். தெய்வமே, என் கையாலேயா என்று அழுதுகொண்டே ஏறினாள்.

துரையின் காரைக் கண்டால் மழைத்தண்ணீர் ஓடும் ரோட்டோரக் கானுக்குள் இறங்கி ஒதுங்குவதுதான் தோட்டத்து வழக்கம். நாகலெட்சுமி வளைவுக்கு மேலே நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றாள். பிரேக் கிறீச்சிட, கார் இழுபட்டு வந்து அவள் சேலையில் புழுதியடிக்க நின்றது. துரை கத்தினார். பதிவில் பேரை வெட்டித் தோட்டத்தை விட்டே விரட்டுவதாகச் சொன்னார்.

"வெட்டுங்க தொரை. அந்தச் சில்ல மட்டும் கழட்டிப் பாருங்க. நான் வச்ச பொட்டு உள்ளுக்கு இருக்கு."

துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழகுமுத்து உத்தரவுக்குக் காத்திராமல் இறங்கி, முன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினான். ஆடும் பல்லைப்போல அது ஆடியது. நட்டு வெறும் விரலுக்கே திரும்பியது. துரையும் வந்து தொட்டுப் பார்த்தார். வளைவுக்குக் கீழே இருந்த பள்ளத்தையும் எட்டிப் பார்த்தார். பிறகு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

கணேசமூர்த்தி ஜாக்கியும் ஸ்பேனருமாக மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். வளையமில்லாமல் அந்த நீள ஆணியில் நட்டு இறுகாது. துடைத்து மாட்டித்தான் காரை மெல்ல இறக்க வேண்டும். வளையங்களைக் கழற்றினான். நசுங்கிய சந்தனமும் குங்குமமும் இரும்பில் அப்பிக் கிடந்தன. துணியை எடுத்த கை அப்படியே நின்றது. தங்கையைப் பார்த்தான்.

அவள் துணியை வாங்கிக்கொண்டாள். வாங்கினாளே தவிர, குங்குமத்தில் வைக்கக் கை போகவில்லை.

"அழி புள்ள," என்றான் அழகுமுத்து. "நான் இந்தா நிக்கிறேன்ல."

அவனைத் தனக்கு நேர் எதிரே வந்து நிற்கச் சொன்னாள். எல்லாம் முடிகிறவரை அங்கே இங்கே அசையக் கூடாது என்றாள். அவன் நின்றான். அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, கைத்தடவலில் ஒவ்வொரு வளையமாகத் துடைத்தாள். துரையும் அவள் துடைத்து முடிக்கக் காத்திருந்தார்.