கிரீஸ் கை

கிருமி என்பது கை கழுவுகிறவர்களை மட்டுமே தேடி வரும் ஜீவராசி. இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் ஒரு வண்டி மெக்கானிக். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் அதை அறிவித்தார். ஆதாரம் அவரேதான். பட்டறையில் கிரீஸ் கையோடு தின்று வளர்ந்த உடம்பு. தும்மல்கூட அனுமதி கேட்டுத்தான் வரும்.

"இந்தக் கையில உக்காந்தா எந்தக் கிருமியும் வழுக்கி விழுந்து இடுப்பொடிஞ்சு போயிடும் சிஸ்டர்."

நர்ஸ் நிமிரவில்லை. "முழங்கை வரைக்கும் கழுவுங்க. நகத்துக்கு பிரஷ் இருக்கு. முடியாதுன்னா கண்ணாடிக்கு வெளியவே குடும்பம் நடத்துங்க."

நடத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா மகள், நாலு வயது, வீட்டில் கூப்பிடும் பெயர் சுண்டெலி. சிறுநீரில் தொடங்கிய தொற்று ரத்தத்தில் ஏறிவிட்டது. கழுத்தில் மருந்துக் குழாய். பேசத் தெம்பில்லாமல் விரலை மட்டும் மடக்கி 'வா' என்பாள். இவர் மூக்கைக் கண்ணாடியில் நசுக்கிக் காட்டுவார். லேசாகச் சிரிப்பாள். மறுபடியும் விரல் மடங்கும்.

அக்காவின் கணவர் குழாயடியிலேயே குடியிருந்தார்.

"இப்படித் தேய்ச்சா ரேகையெல்லாம் போயிடும் அத்தான். நாளைக்கு போலீஸ் பிடிச்சாக்கூட நீங்க யாருன்னு அவங்களுக்குத் தெரியாது."

அத்தான் சிரிக்காமல் கையை உதறிக்கொண்டு உள்ளே போனார்.

மதியம் டாக்டர் வெளியே வந்தார். "மருந்தை மாத்தி மாத்திக் குடுத்துப் பார்த்தோம். இந்தக் கிருமி எதுக்கும் மசியல. இன்னும் ஒண்ணு இருந்துச்சு, அதையும் ஆரம்பிச்சாச்சு."

"துருப்பிடிச்ச நட்டுக்கு ஸ்பானர் மாத்திப் பார்ப்போம், அந்த மாதிரியா டாக்டர்?"

"அதே மாதிரிதான்," என்றார் டாக்டர். "ஸ்பானர் தீர்ந்துபோச்சு."

மெக்கானிக் இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

அக்கா வெளியே வந்து அவர் சட்டையைப் பிடித்தாள். "உள்ள வாடா. உன்னைத்தான் கேக்குறா."

"நாளைக்கு வரேன்."

"கழுவுறதுல உனக்கு என்னடா கேடு?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உள்ளங்கைகளை விரித்தார். குரல் இறங்கியிருந்தது. "இது போக மாட்டேங்குதுக்கா. வீட்டுல எவ்வளவோ தேய்ச்சுப் பார்த்துட்டேன். நகத்தடியில கறுப்பு நிக்குது. என் கையிலேருந்து புள்ளைக்கு ஏதாவது போயிட்டா?"

"லூசு. அது கறைடா, அழுக்கில்ல."

"ராத்திரி மண்ணெண்ணெய்ல ஊறப் போட்டுட்டு வரேன். நாளைக்குக் கண்டிப்பா."

சொன்னபடியே காலையில் வந்தார். விரலெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது. நகத்தடியில் மட்டும் கறுப்பு அப்படியே.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் அவசரப்படவில்லை. மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள். கழுத்துக் குழாய் இருந்த இடத்தில் சின்னதாகப் பஞ்சு. அக்கா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தான் சுவரைப் பார்த்து நின்றார்.

நர்ஸ் கதவைத் திறந்து பிடித்தாள். "உள்ள போங்கண்ணே. இனிமே கழுவ வேண்டியதில்ல."

அவர் தலையாட்டினார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். முழங்கையால் தட்டித் தண்ணீரைத் திறந்து, சோப்பை வாங்கி, பிரஷை எடுத்துக் கட்டைவிரல் நகத்திலிருந்து ஆரம்பித்தார்.

நர்ஸ் கதவை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.