மேசை விளக்கின் சுருதி

தொழிலில் அவளுக்குப் பாம்புச்செவி என்று பெயர். வெளியாகப் போகும் இசைப் பதிவுகளுக்குக் கடைசி மெருகு போடுவது அவள் வேலை. யாரோ வாசித்து யாரோ கலந்ததை, எந்த ஸ்பீக்கரில் போட்டாலும் காதை உறுத்தாதபடி சரிபார்த்துக் கொடுப்பாள். பாராட்டு யாருக்கோ போகும். புகார் மட்டும் வழி தவறாமல் அவளிடம் வந்து சேரும்.

அன்று மதியம் அவள் கேட்டுக்கொண்டிருந்தது அத்தானுடைய பதிவு. அக்காவின் கணவர். தலை முழுக்க நரைத்துவிட்ட டிஜே; டெக்னோ என்கிற இயந்திரத் தாள நடன இசையில் பேர் போனவர். ஒரு காலத்தில் சுவரொட்டியில் அவர் பெயர் இருந்தால் போதும், நடன அரங்கில் கால் வைக்க இடம் இருக்காது. இப்போதைய இளவட்டங்களுக்குப் பெயர் தெரியும், முகம் தெரியாது. பல வருடங்களுக்குப் பிறகு ஒரு மிக்ஸ் ஆல்பம் செய்திருக்கிறார். வீட்டின் பின் அறையில் நின்றபடி, இசைத்தட்டுகளை ஒன்றோடொன்று கலந்து, ஒரே மூச்சில். நடுவில் பிசகினால் அதை வெட்டி ஒட்ட மாட்டார். முதலிலிருந்து தொடங்குவார். இந்த ஒரு பதிவுக்காகக் கோடை முழுக்க நின்றிருந்தார்.

கேட்பதற்குச் சுலபமான சரக்கு இல்லை. மெட்டு கிடையாது, குரல் கிடையாது. ஒரே தாள அடி, அதன்மேல் மெல்ல மெல்லத் திரும்பும் ஒலிகள். ஆல்பத்தை வெளியிடும் நிறுவனத்துக்காரர் பாதி கேட்டுவிட்டு, "எல்லாம் சரி சார், மனுஷன் மூச்சு விட ஒரு எடம் வெச்சிருக்கலாமே" என்றாராம்.

பாதியைத் தாண்டும் முன்பே அவளுக்கு அது கேட்டது. கொசு ஒன்று காதோரம் வந்து நின்றுவிட்ட மாதிரி ஒரு கீச்சு. தன் அறையில்தான் ஏதோ கோளாறு என்று மின்விசிறியை நிறுத்தினாள். போன் சார்ஜரைப் பிடுங்கினாள். ஹெட்போனை மாற்றினாள். கீச்சு அசையவில்லை. கணினித் திரையில் பார்த்தபோது, ஒலிகளுக்கெல்லாம் மேலே நூல் பிடித்தது போல ஒரு கோடு. திடீரென்று ஓரிடத்தில் தொடங்கி, பதிவு முடியும் வரை போயிற்று.

களைப்பாக இருந்தது. இது இப்படியே வெளியே போனால், கேட்கிறவன் அத்தானைத் திட்ட மாட்டான். மெருகு போட்டது யார் என்றுதான் தேடுவான்.

வடிகட்டிப் பார்த்தாள். சிரமமில்லாமல் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பகுதியே உப்புச்சப்பில்லாமல் ஆகிவிட்டது. திரும்பக் கீச்சை உள்ளே விட்டாள். எல்லாம் எழுந்து நின்றது. எடுத்தாள், படுத்துவிட்டது. அப்புறம்தான் புரிந்தது. கீச்சு தொடங்கிய இடத்திலிருந்து அவர் எடுத்துப் போட்ட ஒவ்வொரு தட்டும் அதனோடு சுருதி சேர்ந்திருந்தது.

பதிவைக் கேட்க அத்தான் படியேறி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. சோபாவில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பாம்பே, கொத்துறதுக்கு ரெடியா?"

"அத்தான், நடுவுல ஒரு கீச்சு வருதே. அது வேணும்னு விட்டதா?"

அவர் கை முழங்காலிலேயே நின்றது.

"உனக்குக் கேக்குதா?"

"கேக்காம? கொசு மாதிரி உயிரை வாங்குது."

"நிஜமா? பதிவுல இருக்கா?"

"பின்ன எங்க இருக்கு?"

அவர் எழுந்து வந்து திரையில் அந்தக் கோட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நிறுத்து" என்றார். அவள் நிறுத்தினாள். அறையில் ஒரு சத்தமும் இல்லை.

"இப்ப?"

"இப்ப ஒண்ணும் இல்லையே அத்தான்."

"எனக்கு இருக்கு. காதுக்குள்ளேயே" என்றார்.

அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"எவ்வளவு நாளா?"

"அதெல்லாம் ரொம்ப நாளாச்சு. காலைல எந்திரிச்சா அதுதான் குட் மார்னிங் சொல்லுது. இதைப் பதிவு பண்ண அன்னிக்கு இருட்டிடுச்சு, தட்டு மேல எழுதியிருக்கிறது தெரியல. ஒரு மேசை விளக்கு வாங்கி வெச்சிருந்தேன். அதைப் போட்டேன். கொஞ்ச நேரத்துல கீச்சு ஜாஸ்தியாச்சு. சரி, இன்னிக்கு நம்ம காது கூடுதலா பாடுதுன்னு நினைச்சேன். பாடுறியா, பாடு, நானும் உன்கூடவே வரேன்னு அதுக்கு ஏத்த தட்டா பாத்து எடுத்தேன்."

"அது விளக்கோட அடாப்டர் அத்தான். மலிவான சாமானா இருக்கும். வயர் வழியா பதிவுல ஏறியிருக்கு."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "விளக்குக்குப் பக்கவாத்தியம் வாசிச்சிருக்கேன்."

"எடுத்துடலாம். ஆனா எடுத்தா விழுந்துடுது. திரும்ப ஒரு தடவை செஞ்சா..."

"இல்லம்மா. இன்னொரு தடவை நிக்கத் தெம்பு இல்ல." அதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. கடை மூடியாகிவிட்டது என்கிற மாதிரி சொன்னார். "இருக்கட்டும். விட்டுடு."

"கேக்கறவங்க திட்டுவாங்க. என்னைத்தான் திட்டுவாங்க."

"திட்டட்டும். என் பேரைப் போட்டு, அவர்தான் விடச் சொன்னார்னு அட்டையிலயே போடச் சொல்றேன். என்னால நிறுத்த முடியல. அவங்களுக்காவது கையில ஒரு பட்டன் இருக்கு."

இருவரும் சேர்ந்து கேட்டார்கள். கடைசித் தட்டு வந்ததும் அவர் கையைத் தூக்கினார்.

"இங்க மட்டும் எடுத்துடேன். கொஞ்சம் கொஞ்சமா. தெரியாத மாதிரி."

"ஏன்?"

"பாவம், கேக்கறவங்க இவ்வளவு தூரம் வந்திருக்காங்கள்ல."

அவள் அந்தக் கோட்டை மெல்லத் தேய்த்துக் கரைத்தாள். போட்டுக் காட்டினாள். எந்த நொடியில் போனது என்று அவளுக்கே பிடிபடவில்லை. அடி மட்டும் தனியாக நடந்துகொண்டிருந்தது. இவ்வளவு நேரம் தோளைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் உணர்ந்தாள்.

அத்தான் திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போச்சா?"

"போச்சு."

"எப்படி இருக்கு?"

அவள் யோசித்தாள். "தோள் எறங்குது அத்தான்."

அவர் தலையசைத்தார். "அப்ப சரி. அனுப்பிடு." சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் சட்டைப்பையில் போன் மணி அடித்தது. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவர் அசையவில்லை. அவள் போய், சட்டைப்பையில் எட்டிப் பார்த்த திரையில் அக்காவின் பெயரைப் பார்த்துவிட்டு, அவர் தோளைத் தொட்டாள்.

"அக்கா கூப்பிடுறா. அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கூப்பிட்டா காதுல விழல, நான் திமிர்ல திரும்பாம இருக்கேன்னு தெனம் சண்டை போடுறா. அதுவே தேவலைன்னு விட்டுட்டேன்." கண்ணைத் திறக்காமலே போனை எடுத்து நீட்டினார். "நீயே பேசு. பேசும்போது இதையும் சொல்லிடு. எனக்குச் சொல்ல அலுப்பா இருக்கு."

அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"எத்தனை தடவை கூப்பிடுறது?" என்றாள் அக்கா, எடுத்த எடுப்பில். "காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கீங்க?"

"அக்கா, நான்தான்" என்றாள் அவள். "கையில இருக்கிற வேலையை வெச்சிட்டுக் கொஞ்சம் உக்காரு."