இடப்பக்கம் சாய்ந்த முள்

“பழைய பாட்டரியை வச்சு நான் ஏமாத்திட்டேன்னு அவர் சொன்னாரு. நீ கேட்டுக்கினு நின்னியா?”

“பின்ன இன்னா பண்ணச் சொல்ற, பாய்? வக்கீலய்யா பேசும்போது டிரைவர் குறுக்க பேசுறதா?”

ஷரஃபுதீன் டிரைவர் லாசரைப் பார்க்கவே இல்லை. வக்கீல் ரகுபதியின் கார் கச்சேரி ரோடு பட்டறையில் அசையாமல் நின்றது. முந்தின நாள் மாலை திருவான்மியூர் கோயிலிலிருந்து திரும்பும்போது அடையாறு பாலத்தருகே விளக்கு மங்கி, இஞ்சினும் ஓய்ந்துவிட்டது. மாட்டுவண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்தார்கள். மயிலாப்பூர் முழுதும் அந்த ஊர்வலத்தைப் பார்த்தது. அந்த அவமானத்துக்கு ஒரு திருடன் தேவைப்பட்டான். போன வாரம் அந்தக் காரில் புது பாட்டரியும், அதில் மின்சாரம் ஏறுவதையும் இறங்குவதையும் முள்ளால் காட்டும் அம்மீட்டரும் பொருத்தியவன் ஷரஃபுதீன்.

பதினொரு மணிக்கு வக்கீல் வருவார். அவருக்குச் சரியான பதில் இல்லையென்றால் வேலையை விட்டுப் போய்விடு என்று பட்டறை முதலாளி குலாம் முகம்மது சொல்லிவிட்டார். பதினாறு வருஷத்தில் ஒரு திருகாணியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதவனிடம் சொன்னார்.

ஷரஃபுதீன் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தான். அம்மீட்டரின் முதுகில் இரண்டு முனைகள். பாட்டரியிலிருந்து வரும் கம்பியில் அவன் எப்போதும் சிவப்பு நூல் கட்டுவான். நூல் கட்டிய கம்பி இப்போது மறு முனையில் இருந்தது.

“இத மாத்தினது யாரு?”

லாசர் தொப்பியைக் கழற்றிப் புறங்கையால் துடைத்தான்.

“நான்தான். நேத்து கோயிலுக்குக் கிளம்பினதும் முள்ளு இடப்பக்கமே சாஞ்சுக்கினு கீது. ‘ஸ்வாமி தரிசனத்துக்குப் போறச்சே இதென்ன அபசகுனம், வலப்பக்கம் போறமாதிரி பண்ணுடா’ன்னாரு. ரெண்டு கம்பியையும் இடம் மாத்தினேன். வலப்பக்கம் போச்சு. அய்யா அதைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கினாரு.”

“இடப்பக்கம் போனா பாட்டரி காலியாவுதுன்னு அர்த்தம், நைனா. பாட்டரிக்கு மின்சாரம் ஏத்துற டைனமோ கரி தேஞ்சு செத்துக் கெடக்குது, இப்பத்தான் பாத்தேன். அதத்தான் முள்ளு சொல்லிக்கினு இருந்துச்சு. நீங்க அதோட கழுத்தத் திருப்பிட்டீங்க.”

உண்மையைச் சொன்ன முள்ளுக்கு அபசகுனம் என்று பேர். அதைப் பொருத்தியவனுக்குத் திருடன் என்று பேர். ஷரஃபுதீன் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

“முதலாளிகிட்ட நூலைக் காட்டு பாய்.”

“நூலு என்னுது. தப்பா மாட்டினதும் நான்தான்னு வக்கீல் சொல்ல எத்தினி நேரம் ஆவும்?”

“நான் வாயத் தொறந்தா வேல போயிடும், நாளைக்கு சாந்தோம்ல வலை இழுக்கணும். எனக்கு அதுவும் தெரியாது.”

வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. வக்கீலின் குரல் முதலாளியின் பேரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தது. ஷரஃபுதீன் சிவப்பு நூல் கட்டிய கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு, லாசரின் முகத்தை நேராகப் பார்த்தான்.

“அவர் சொன்னதச் சொல்ல வேணாம், லாசரு. சகுனம் பத்தியும் பேச வேணாம். கம்பிய மாத்தினது நீதான்னு மட்டும் சொல்லு. சொல்றியா?”