முந்திக்கொள்ளும் வலது கை

டிரைவரம்மாவின் வேகத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஸ்கூல் பஸ்ஸை எவ்வளவு பதவிசாக ஓட்டுவாரோ, அவ்வளவு ஆவேசமாகத் தண்ணீரில் பாய்வார். தொல்லையெல்லாம் சுவரைத் தொடும் இடத்தில்தான். தவளை நீச்சலில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும் என்பது விதி. டிரைவரம்மாவுக்கு இடது தோள் இறுகிப்போய், அந்தக் கை முக்கால்வாசிதான் நீளும். வலது கை நல்ல கை, அதுபாட்டுக்கு முந்திக்கொண்டு போய்ச் சுவரைத் தொட்டுவிடும். இடது கை ஆடி அசைந்து பின்னால் வந்து சேரும். கரையில் நிற்கும் நடுவர் சட்டென்று கையைத் தூக்குவார். அவ்வளவுதான், நீந்தியது செல்லாது.

ஐம்பது தாண்டிய பிறகு போட்டிக்கு வந்தவர். இதுவரை கலந்துகொண்ட ஒரு போட்டியில்கூட அவர் நேரம் பதிவானதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைசி வாய்ப்பு. அன்றைக்கு ஒழுங்காக ஒரு நேரம் பதிவானால்தான் அடுத்த மாதம் பெரிய போட்டிக்குப் போகலாம். நாத்தனார் ஏற்கெனவே தேறிவிட்டார். டிரைவரம்மாவுக்கு வயிறு எரிந்ததே அதில்தான்.

நாத்தனார், கணவரின் அக்கா, தையல் கடை வைத்திருப்பவர். அதே வயதுப் பிரிவு, அதே நீச்சல், எப்போதும் பக்கத்து லேன். வாய் சும்மா இருக்காது. "கவலைப்படாதே, நீ நீந்தினதுக்கு நான் சாட்சி சொல்றேன்" என்பார். டிரைவரம்மா சிரித்துவைப்பார். வீட்டுக்கு வந்து பாத்திரங்களோடு சண்டை போடுவார்.

ஒரு வருடமாகக் காலையில் எழுந்ததும் முதல் வேலை, இடது கையை ஃபிரிட்ஜின்மேல் ஊன்றித் தோளை நீட்டுவது. "ஃபிரிட்ஜைத் தள்ளிக்கிட்டுப் போகப்போறியா? பால் உள்ளே இருக்கு, எடுத்துக் குடுத்துட்டுப் போ" என்பார் கணவர். அந்த வாரத் தொடக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் தோளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல வராதும்மா. இழுத்தா வலிதான் மிச்சம்" என்று சொல்லிவிட்டார்.

டிரைவரம்மாவுக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. நேரே தையல் கடைக்குப் போய் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். நாத்தனார் தைத்த கோட்டு ஒன்றை மேசைமேல் விரித்து, அதன் வலது கையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ அக்கா, அது நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. இடது கை கொஞ்சம் குட்டையா வெட்டுப்பட்டுப் போச்சு. வெட்டின துணி திரும்பி வருமா? அதான் இதையும் அந்த அளவுக்குக் கொண்டுவர்றேன். போட்டுப் பார்த்தா ஒருத்தருக்கும் தெரியாது."

கத்தரி பாதியில் நின்றது. நாத்தனார் நிமிர்ந்து, டிரைவரம்மாவின் இரண்டு தோளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அடியே, உன் கதையும் இதுதானே?"

"என்ன, என் கையை வெட்டப்போறீங்களா?"

"வெட்டலடி, மடக்கச் சொல்றேன். குட்டைக் கையை நீட்டுறேன் நீட்டுறேன்னு ஒரு வருஷமா ஃபிரிட்ஜோட மல்லுக்கட்டுறே. நீளக் கையைக் கொஞ்சம் அடக்கிக்கோ. ரெண்டும் சேர்ந்து போய்த் தொடட்டும்."

டிரைவரம்மாவுக்குச் சுருக்கென்றது. நல்லா இருக்கிற ஒரு கையையும் குறைத்துக்கொள்வதா? "அப்புறம் நான் பின்தங்கிடுவேனே!"

"எனக்குப் பின்னால வர்றது உனக்கென்ன புதுசா?"

சொல்வது சுலபம். சுவர் கண்ணில் பட்டதும் வலது கை தானாகப் பாயும், பழக்கதோஷம். அதற்கும் நாத்தனார் கடையிலிருந்தே மருந்து கொண்டுவந்தார். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து ஒரு துண்டு எலாஸ்டிக்கை மாட்டிவிட்டு, சுவர் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகச் சொன்னார். வலது கை முந்தினால் எலாஸ்டிக் சுள்ளென்று இழுக்கும். கரையில் உட்கார்ந்தபடி, "ம், ஓடுது பாரு, பிடி, பிடி!" என்று கன்றுக்குட்டியை விரட்டுவதுபோலக் கத்துவார். மற்றவர்கள் நீந்துவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மானம் போனால் போகட்டும் என்று டிரைவரம்மா வாரம் முழுக்கச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பழகினார்.

ஞாயிற்றுக்கிழமை. எலாஸ்டிக் இல்லாத வெறும் கை. விசில் ஊதியதும் டிரைவரம்மா பாய்ந்தார். முதல் சுவரில் வலது முழங்கையை மடக்கித் தொட்டார். நடுவர் கையைத் தூக்கவில்லை. திரும்பி வரும்போது மூச்சு முட்டியது, தோள் கெஞ்சியது. பக்கத்து லேனில் நாத்தனார் ஒரு தலை முன்னால் போவது தெரிந்தது. வலது கையை முழுசாக நீட்டினால் பிடித்துவிடலாம் என்று உடம்பெல்லாம் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையை அடக்கினார். இரண்டு உள்ளங்கையும் ஒன்றாகச் சுவரில் பட்டன.

தலையைத் தூக்கினார். நடுவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

போச்சு. எல்லாம் போச்சு. டிரைவரம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீச்சல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தால், நடுவர் பார்த்துக்கொண்டிருந்தது அவரை அல்ல, பக்கத்து லேனை.

நாத்தனார் தண்ணீரில் நின்றபடி தன் இடது கையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா! உங்களுக்கா?"

"உன் வலது கை முந்துதா, முந்துதான்னு பார்த்துக்கிட்டே வந்தேனா, என் இடது கையை எங்கே விட்டேன்னே தெரியலடி." மூச்சு வாங்கச் சிரித்தார். "எனக்கென்ன, நான்தான் ஏற்கெனவே தேறியாச்சே. நீ போர்டைப் பாரு."

போர்டில் டிரைவரம்மாவின் லேனுக்கு எதிரே முதன்முறையாக ஒரு நேரம் மின்னியது. அவர் அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. இந்த மனுஷியை மனசுக்குள் எத்தனை திட்டு திட்டியிருக்கிறோம் என்று நினைத்து வெட்கமாக இருந்தது. லேன் கயிற்றுக்கு மேலாக எட்டி நாத்தனாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். வலது கை முழுசாகச் சுற்றியது, இடது கை வந்தவரைக்கும் வந்தது.

பார்வையாளர் மாடத்திலிருந்து கணவர் கத்தினார். "யாருப்பா முதல்ல வந்தது? இங்கேருந்து ஒண்ணும் தெரியல!"

"உங்க அக்காதான்!" என்று டிரைவரம்மா திருப்பிக் கத்தினார்.