நிற்கிற பெட்டி மட்டும்

பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தியின் கையில் ஒரு பட்டியலையும் கழுத்தில் ஒரு விசிலையும் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஓட்டர்பெண்ட் நடுநிலைப் பள்ளியில் யாரும் யோசிக்கவில்லை. மாரிட் ஹல்வர்சன் மட்டும் யோசித்திருந்தாள். போன வருஷமே இந்த வேலை தனக்குத்தான் என்று முடிவு செய்து வைத்திருந்தாள்.

மே மாதம் வந்தால் அந்தப் பள்ளியில் காலையுணவுத் திரட்டல் வந்துவிடும். பள்ளி நடக்கிற நாட்களில் பிள்ளைகளுக்கு அங்கேயே காலைச் சாப்பாடு உண்டு. ஜூனில் பள்ளியைப் பூட்டினால் அதுவும் சேர்ந்து நின்றுபோகும். அதனால் கோடைக்கு முன்பே ஊர் உணவு வங்கியின் அலமாரிகளை நிரப்பிக் கொடுப்பது எட்டாம் வகுப்பின் பொறுப்பு. திரட்டிக் கொடுப்பதோடு விட்டார்களா? வந்து சேர்ந்த கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டிகளை எல்லாம் தாழ்வாரம் நெடுக ஒன்றன்பின் ஒன்றாகச் சாண் இடைவெளியில் நிறுத்துவார்கள். கடைசி வெள்ளிக்கிழமை முழுப் பள்ளியும் சுவரோரம் உட்கார்ந்து பார்க்க, முதல் பெட்டியைத் தள்ளுவார்கள். மொத்த வரிசையும் சடசடவென்று சாயும். அதைப் பார்க்கிற ஆசையில்தான் பாதிப் பேர் பெட்டியே கொண்டுவருகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பக்கத்து ஊர்ப் பள்ளிக்காரர்கள் போன வருஷம் எழுநூற்றைம்பது பெட்டி நிறுத்தியிருந்தார்கள். மாரிட்டுக்கு எண்ணூறு வேண்டும். பள்ளியைப் பராமரிக்கிற விளாசெக்கிடம் அளவு நாடா இரவல் வாங்கி, முன்வாசலில் இருந்து நூலகத்தைத் தாண்டி உணவுக்கூடக் கதவு வரைக்கும் தரையில் தவழ்ந்து அளந்தாள். எண்ணூறு சரியாக வந்தது. அன்றே நுழைவாயில் மேசைக்கு மேலே பெரிய தாளில் எழுதி ஒட்டினாள்: நிற்கிற பெட்டி மட்டும்.

வினை அந்தத் தாளில்தான் இருந்தது.

இரண்டாவது வாரம் திங்கட்கிழமை காலை, மேசைக்கு முன்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். மாரிட் எண்ணினாள், அவள் தோழி டெலனி அடுக்கினாள். வரிசையில் கால்வின் ராஸ்மூசன் வந்தான். கால்வின் வேறு யாரோ இல்லை. அவள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. பாலர் வகுப்பில் இருந்து எட்டு வருஷமாகப் பள்ளிப் பேருந்தில் இரண்டாவது வரிசையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவன். அவன் மேசைமேல் வைத்தது பெட்டி இல்லை. கடையில் அடித்தட்டில் கிடக்குமே, கண்ணாடித்தாள் பையில் பொரித்த கோதுமை, அது. பெரிய பை.

"இது நிக்காதுடா," என்றாள் மாரிட், பட்டியலில் இருந்து தலையைத் தூக்காமல்.

"நிக்கணுமா? திங்கத்தானே போறாங்க."

"போர்டைப் படிக்கலையா? நாளைக்குப் பெட்டியா வாங்கிட்டு வா."

"படுக்க வெச்சா நல்ல தலையணை," என்றாள் டெலனி.

வரிசை முழுக்கச் சிரித்தது. மாரிட்டும் சிரித்தாள் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கால்வினுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது. பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வந்த வழியே வெளியே போனான். மாரிட் விசிலை ஊதி, "அடுத்தது," என்றாள்.

அன்று சாயங்காலம் பேருந்தில் அவன் இரண்டாவது வரிசையைத் தாண்டிப் போய்க் கடைசி வரிசையில் ஏழாம் வகுப்புப் பையன்களோடு உட்கார்ந்தான். நாளைக்குச் சரியாகிவிடுவான் என்று நினைத்தாள். மறுநாளும் தாண்டிப் போனான். அந்த வாரம் முழுக்கப் பக்கத்து இருக்கையில் அவளுடைய புத்தகப்பைதான் உட்கார்ந்து வந்தது. புத்தகப்பைக்குப் பேசத் தெரியாது, கால்வினைப் போலக் கணக்கு வாத்தியார் மாதிரி தும்மிக் காட்டவும் தெரியாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும், எத்தனை பெட்டி சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வர உணவு வங்கிக்குப் போனாள். லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அது நடக்கிறது. நடத்துகிறவர் லோர்னா பீச்சம் அம்மாள். ஓய்வுபெற்ற தபால்காரர். உட்கார்ந்து பேசி யாரும் பார்த்ததில்லை. மாரிட் செல்பேசியில் காட்டிய விளம்பரத் தாளின் படத்தைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"யாரு எழுதுனது இது?"

"நான்தாங்க."

"எழுத்து நல்லா இருக்கு. பெட்டியில பாதி காத்துதான் கண்ணு, தெரியுமா? ஒரு பையில மூணு பெட்டிச் சரக்கு இருக்கும்." பேசிக்கொண்டே ஓட்ஸ் டப்பாக்களை அலமாரியில் தள்ளினார். "போன திங்கக்கெழம ஒரு பையன் சைக்கிள்ல வந்தான். இம்மாம் பெரிய பை. 'ஸ்கூல்ல வாங்க மாட்டேன்னுட்டாங்க, இது நிக்காதாம், நீங்களாவது வாங்குவீங்களா'ன்னான். நான் வெளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சு சிரிச்சேன். அவன் சிரிக்கல."

மாரிட் செல்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"அன்னிக்கு சாயங்காலமே அஞ்சு பிள்ளைங்க இருக்கிற ஒரு வீட்டுக்குப் போயிருச்சு அந்தப் பை. கோடையில வாங்க வர்ற வீடு முக்காவாசி அப்படித்தான். இந்தா, இந்த டப்பாவைப் பிடி."

டப்பாவைப் பிடித்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. இத்தனை நாள் யாருக்காகத் திரட்டுகிறோம் என்று ஒரு தரமாவது நினைத்தோமா, எண்ணூறு எண்ணூறு என்று எண்ணிக்கையைத்தானே நினைத்தோம் என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அதைவிட அதிகமாக உறுத்தியது, கால்வின் அத்தனை பெரிய பையைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு ஆற்றுப் பாலத்து மேட்டில் மிதித்திருப்பான் என்பதுதான்.

புதன்கிழமை காலை பழைய தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினாள்: பெட்டி, பை, டப்பா, எதுவானாலும் கொண்டு வாங்க.

டெலனி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "அப்ப எண்ணூறு?"

"வராது."

"பக்கத்து ஊர்க்காரங்க நம்மளப் பாத்து கெக்கெக்கேன்னு சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அவங்களுக்கு வேற வேலை என்ன?"

சொல்லிவிட்டாளே தவிர, அன்று ராத்திரி அவளுக்கும் வயிற்றெரிச்சல்தான். அதற்கப்புறம் பைகள் வந்து குவிந்தன, உருண்டை ஓட்ஸ் டப்பாக்கள் வந்தன, நிலக்கடலை வெண்ணெய் ஜாடிகள் வந்தன. ஒன்றும் வரிசையில் நின்று சாய்கிற ஜாதி இல்லை. பெட்டிகள் ஐந்நூற்றுப் பதினேழோடு நின்றுவிட்டன. வரிசை உணவுக்கூடம் வரைக்கும் எட்டாது, நூலக வாசலிலேயே முடிந்துவிடும்.

வியாழக்கிழமை சாயங்காலம் பேருந்தில் கடைசி வரிசைக்கு எழுந்து போனாள். ஓடுகிற பேருந்தில் எழுந்தால் ஓட்டுகிற அம்மாள் கத்துவார். கத்தினார்.

"கால்வின், ஸாரிடா."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரி."

"அப்ப முன்னாடி வந்து உக்காரு."

"இங்க நல்லாத்தான் இருக்கு." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி விசில் அடிச்சு அனுப்புனே. ஸாரி மட்டும் என் காதுல வந்து ரகசியமா சொல்ற."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயமாக இல்லாமல் இருந்திருந்தால் இரண்டு வார்த்தை பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். தன் இடத்துக்குத் திரும்பிவந்து புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் இருந்தே எட்டாம் வகுப்பு முழங்காலில் நகர்ந்து நகர்ந்து பெட்டிகளை நிறுத்தியது. விளாசெக் இருபக்கக் கதவையும் பூட்டி, காற்றாடிகளை அணைத்து, "எவனாவது ஓடுனீங்க, அப்புறம் தெரியும்," என்று ஆளுக்கு ஒரு முறை மிரட்டிவிட்டு வந்தார். இரண்டு மணிக்கு நானூறு பேர் சுவரோரம் இருபக்கமும் காலை மடக்கி உட்கார்ந்தார்கள். வரிசையின் நடுவில், தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் கால்வின் உட்கார்ந்திருந்தான். தலைமையாசிரியை இரண்டு வார்த்தை பேசிவிட்டு மைக்கை மாரிட் கையில் கொடுத்தார்.

நன்றி சொல்வதற்கு ஒரு தாள் எழுதி வைத்திருந்தாள். அதைப் பிரிக்கவில்லை. அவளுக்குக் கூட்டம் என்றால் பயம் கிடையாது, தப்புச் செய்தேன் என்று கூட்டத்தில் சொல்லத்தான் பயம்.

"ரெண்டு வாரம் முன்னாடி கால்வின் ராஸ்மூசன் ஒரு பை கொண்டுவந்தான்," என்றாள். "நிக்காதுன்னு திருப்பி அனுப்பிட்டேன். சிரிக்கவும் சிரிச்சேன். அவன் அதை சைக்கிள்ல வெச்சு உணவு வங்கிக்கே நேரா கொண்டுபோய்க் குடுத்தான். இந்த வருஷத் திரட்டல்ல முதல்முதலா ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த சாப்பாடு அதுதான். நான் பண்ணது தப்பு. ஸாரி, கால்வின்."

நானூறு தலையும் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பியது.

இப்படி வரும் என்று கால்வின் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பயல் அந்த ஒரே வருஷத்தில் நாலு அங்குலம் வளர்ந்திருந்தான், தன் கால் எங்கே முடிகிறது என்று அவனுக்கே நிச்சயமில்லை. போதும் போதும், விடு என்று கையை ஆட்டிக்கொண்டு பதறி எழுந்தான். ஷூ நுனி ஒரு பெட்டியில் பட்டது.

அது சாய்ந்தது. அதற்கு அடுத்ததும் சாய்ந்தது. நூலகம் பக்கமாகச் சடசடவென்று பாதி வரிசையும் ஓடிப்போய் விழுந்து, கடைசிப் பெட்டி நூலகக் கதவில் முட்டி நின்றது. தாழ்வாரம் முழுக்க "அய்யய்யோ" என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

மாரிட்டுக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, உச்சந்தலை வரைக்கும் வந்தது. மூன்று வாரம், காலையில் இருந்து முழங்கால் தேய்ந்த வேலை, அதில் சரிபாதியை ஒரு ஷூ கொண்டுபோய்விட்டது. மைக்கை வாய்க்கருகில் கொண்டுபோனாள். அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன. எங்கேயோ ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். அந்தத் திங்கட்கிழமை மேசை முன்னால் நின்ற அதே முகம், இந்த முறை அவள் அதைத் தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால்வின்," என்றாள் மைக்கில். "அசையாம அங்கயே நில்லு."

அவன் மூச்சைக்கூட விடவில்லை.

"அந்தப் பாதியை அவன் முடிச்சுட்டான். இந்தப் பாதி என்னுது. அவன் நிக்கிற எடம்தான் இப்ப கடைசி. எல்லாரும் பாத்துக்குங்க."

மைக்கைத் தலைமையாசிரியையிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, முதல் பெட்டியை ஒரு விரலால் தள்ளினாள்.

பெட்டிகள் ஓடின. இருபக்கமும் தலைகள் கூடவே திரும்பின. அலுவலக அறையைத் தாண்டி, புத்தகம் வைக்கிற பூட்டு அலமாரிகளைத் தாண்டி, ஒன்றுகூடத் தப்பாமல் விழுந்துகொண்டே போய், கடைசிப் பெட்டி கால்வினின் ஷூமேல் பொத்தென்று சாய்ந்து நின்றது. நானூறு பேரும் எழுந்து கத்திய கத்தலில் விளாசெக்கே கைதட்டிவிட்டார். டெலனி மட்டும், "பாதி பாதியா விழுந்ததை எண்ணிக்கையில சேத்துக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பீச்சம் அம்மாளின் பழைய வேன் பின்வாசலுக்கு வந்தது. பைகள் ஒரு பக்கம், பெட்டிகள் ஒரு பக்கம், கைக்குக் கை மாறி ஏறின. கொஞ்ச நேரத்தில் மாரிட் பக்கத்தில் வந்து நின்று பெட்டிகளை வாங்கிக் கொடுத்தவன் கால்வின்தான். இரண்டு பேரும் நாற்பது ஐம்பது பெட்டி ஏற்றினார்கள்.

"மைக்ல சொல்லணும்னு நான் கேக்கல," என்றான் கடைசியில்.

"கேட்டே."

"வகுப்புல சொல்லுவேன்னு நெனச்சேன். ஊரக் கூட்டுவேன்னு யாரு கண்டா?"

"நீயும்தான் ஊரக் கூட்டி எட்டி ஒதச்சே."

அவன் சிரித்தான். இரண்டு வாரமாக அவள் கேட்காத சிரிப்பு அது. கையில் இருந்த பெட்டியை அவளிடம் கொடுத்துவிட்டு, "பஸ்ல இன்னிக்கு ஜன்னலோரம் எனக்கு," என்றான்.

"கனவு காணு," என்றாள் மாரிட்.

பேருந்து வந்து கதவைத் திறந்த பிறகும் யார் முதலில் ஏறுவது என்று இருவரும் தோளால் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஓட்டுகிற அம்மாள் கத்தினார்.