சுடாத டார்ச்

டார்ச் பதினோராவது நிமிடத்தில் அணைந்தது. அவள் தொடவில்லை, தட்டவில்லை. சமையலறை மேடையில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் எரியவிட்டுப் படுக்க வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். எடுத்துத் தொட்டுப் பார்த்தாள். அதன் மேல் துளி சூடு இல்லை. ஆறு நிமிடம் விட்டுப் பொத்தானை அமுக்கினாள். ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி பளிச்சென்று எரிந்தது. மறுபடியும் வைத்தாள். இந்தத் தடவை ஒன்பதே நிமிடம்.

மூன்றாவது தடவை பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

முன்னறையில் கட்டிலில் அவள் கணவன் படுத்திருந்தான். லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு நாளைக்கு முன்னால், ஒரு பழைய கட்டிடத்தின் லிஃப்ட் கூண்டுக் கூரையில் நின்று வேலை பார்த்தவன், கூண்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் கால் வைத்துவிட்டான். மூன்று மாடி. உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே எதுவும் தங்கவில்லை. இனி நடக்க மாட்டார் என்று டாக்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

விளக்கு அணைந்துபோச்சு, அதனால்தான் விழுந்தேன் என்றான் அவன். சூப்பர்வைசர் கீழே கிடந்த டார்ச்சை எடுத்து எல்லோர் முன்னாலும் அமுக்கிக் காட்டினார். ஜோராக எரிந்தது. "டார்ச்ல ஒரு குறையும் இல்லையேப்பா" என்றார். 'கவனக்குறைவு' என்று ஒரே வார்த்தையில் எழுதி முடித்துவிட்டார். தலையில் கட்டும் விளக்கு வேண்டும் என்று ஆட்கள் மூன்று வருடமாகக் கேட்டதெல்லாம் அந்தத் தாளில் இல்லை.

அப்புறம் ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடந்து யோசித்து, அவனே ஒரு காரணம் கண்டுபிடித்தான். லிஃப்ட் கயிற்றைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், அதனால் டார்ச்சை வாயில் கவ்விக்கொள்வது வழக்கம். பொத்தான் இருப்பது பின்முனையில், பல்லுக்குப் பக்கத்தில். "நானேதான் கடிச்சு அணைச்சிருக்கேன். என் பல்லு, யாரைக் குத்தம் சொல்ல?" என்றான். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் இதையே சொன்னான். தூக்கத்தில்கூடப் பல்லை நறநறவென்று கடித்தான். ஒரு நாள் தன் அம்மாவிடம், முன்பல் இரண்டையும் பிடுங்கிவிடலாமா என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்பதாகத்தான் அம்மா நினைத்தார். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

அவன் சட்டை, பர்ஸ், டார்ச் எல்லாம் போட்டுக் கம்பெனி ஆள் கொடுத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் பையை இன்றுதான் அவள் பிரித்தாள். துவைக்கலாம் என்றுதான் எடுத்தாள். டார்ச்சைக் கண்டதும் கை தானாகத் தட்டிப் பார்த்தது. அது அவள் தொழில். கடைத்தெருவில் ஒரு ரிப்பேர் கவுண்டரில் ஒன்பது வருடமாக உட்காருகிறாள். டார்ச், ரேடியோ, சார்ஜர், எது வந்தாலும் பிழைத்துவிடும் என்பதால் அக்கம்பக்கத்தில் அவளுக்குப் பெயர் டாக்டரம்மா.

டாக்டரம்மா செய்த வைத்தியத்தைக் கேளுங்கள்.

நான்கு மாதம் முன்பு அவன் உதட்டில் கொப்பளத்தோடு வந்தான். கம்பெனி கொடுத்த மலிவு டார்ச், ஐந்து நிமிடத்தில் அடுப்பாகிவிடுகிறது, வாயில் வைக்க முடியவில்லை. அவள் திறந்து பார்த்தாள். உள்ளே எல்.ஈ.டி ஒட்டிய சின்ன வில்லை நேராக உலோக உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். விளக்கின் சூடு உடம்புக்கு வந்து காற்றில் போனால்தான் விளக்கு பிழைக்கும். இது அவளுக்குத் தெரியாதா? கவுண்டரில் வாரத்துக்குப் பத்துப் பேருக்கு இதையே சொல்லுகிறவள் அவள். "சுட்டா நல்லதுங்க, சூடு வெளிய வருதுன்னு அர்த்தம்" என்று சொல்லி அனுப்புவாள். ஆனால் கொப்பளம் வேறு ஆள் உதட்டில் இல்லையே. செருப்புப் பெட்டி அட்டையில் ஒரு வளையம் வெட்டி, வில்லைக்கும் உடம்புக்கும் நடுவில் செருகினாள். கரண்ட் போவதற்கு ஒரு மெல்லிய கம்பி, சூடு போகாமல் இருக்க அட்டை. விட்டு விட்டு ஐந்து ஐந்து நிமிடம் எரிக்கிற வேலைதானே, தாங்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

டார்ச் சுடவே இல்லை. அவன் அதைப் பல்லில் கவ்விக்கொண்டே வீட்டுக்குள் ஆடினான். மறுநாள் அவன் தம்பியும் கூட வேலை செய்கிற இரண்டு பேரும் ஆளுக்கொரு டார்ச்சை நீட்டினார்கள். மாமியார், வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனுஷி, "என் மருமக கையில என்னமோ இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவள் நான்கு நாள் மிதந்தாள்.

இப்போது மேடையில் டார்ச்சைத் திறந்து வைத்திருந்தாள். அட்டை வளையம் கருகிப் பொடிந்து விரலில் ஒட்டியது. எல்.ஈ.டியின் மஞ்சள் பொட்டு நடுவில் கறுத்துப்போயிருந்தது. சூடேறினால் உள்ளே எங்கோ விட்டுப்போகிறது, ஆறினால் தொட்டுக்கொள்கிறது. சூப்பர்வைசர் எடுத்து அமுக்கும்போது அது நன்றாக ஆறியிருக்கும். கடிக்கவே இல்லை அவன். நான்தான், நான்தான் என்று மனசு அடித்துக்கொண்டது.

நாலு மணிக்கு வாசலில் சத்தம் கேட்டது. வார விடுமுறை. கொழுந்தனும் அந்த இரண்டு பேரும் வந்தார்கள், மொட்டை என்பவனும் பெருசு என்பவரும். மூவர் சட்டைப் பையிலும் டார்ச் எட்டிப் பார்த்தது. நாளைக் காலையில் மறுபடியும் மேலே ஏறப்போகிறவர்கள்.

அவள் போய்க் கையை நீட்டினாள். "டார்ச்சைக் கொடுங்க. சுத்தம் பண்ணித் தரேன்."

"இன்னைக்காவது சும்மா இருங்க அண்ணி" என்றான் கொழுந்தன். அவள் கை நீட்டியபடியே நின்றதால் கொடுத்தான்.

சமையலறைக்குள் போய் மூன்றிலிருந்தும் அட்டையைப் பிடுங்கினாள். ரிப்பேர் டப்பாவில் இருந்த புது எல்.ஈ.டி விளக்குகளை ஈயத்தால் பற்றவைத்து, சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசை தடவி, வில்லையை உடம்போடு அழுத்தி மூடினாள். அவசரத்தில் ஒரு விரலைச் சுட்டுக்கொண்டாள். அரைமணி நேரத்தில் முடிந்தது. இனி யாருக்கும் ஒன்றும் ஆகாது. யாருக்கும் ஒன்றும் தெரியவும் வேண்டாம். அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கு மூச்சு லேசானது. மறைத்துச் சொல்வானேன், சந்தோஷமாகக்கூட இருந்தது.

முன்னறையில் கணவன் அதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தான். "பொத்தான் மேல பல்லு படாம கவ்வுங்கடா. என்னை மாதிரி கடிச்சுத் தொலைக்காதீங்க."

"கடியன் சொன்னா கேட்டுக்கணும்" என்றான் மொட்டை. எல்லோரையும்விடக் கணவன்தான் பலமாகச் சிரித்தான்.

மாமியார் அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, தோளில் கை போட்டுக்கொண்டார். "இந்தப் பொண்ணைப் பாருங்க. எம்புள்ள பண்ணின கவனக்கேட்டுக்கு ராப்பகலா இவ மாரடிக்கிறா. வேற ஒருத்தியா இருந்தா பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருப்பா."

அவள் டார்ச்சுகளைக் கொடுத்தாள். "இனிமே கொஞ்சம் சுடும். துணியைச் சுத்தாதீங்க, அப்படியே பிடிங்க."

கொழுந்தன் எரியவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில், "ஆமா, சுடுது" என்று அண்ணன் கையில் கொடுத்தான். கணவன் வாங்கி உள்ளங்கையில் உருட்டினான். பன்னிரண்டு வருட மெக்கானிக். சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது.

"இத்தனை நாளா சுடல. இப்ப ஏன் சுடுது?"

அவள் விரலில் ஒட்டியிருந்த கரியைத் தேய்த்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். உள்ள என்ன வச்சிருந்த?"

"அட்டைங்க" என்றாள். "சூடு வெளிய வராம உள்ளயே நின்னிருக்கு. இன்னைக்கு உங்க டார்ச்சை எரியவிட்டுப் பாத்தேன். பதினோரு நிமிஷத்துல தானா அணையுது. ஆறினதும் தானா எரியுது. நீங்க கடிக்கலைங்க. நான் வச்ச அட்டைதான்."

மாமியாரின் கை அவள் தோளிலிருந்து எடுபட்டது. பெருசு தரையைப் பார்த்தார். அடி விழும், வசவு விழும், எது விழுந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

எதுவும் விழவில்லை. நிமிர்ந்தாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. நாக்கால் முன்பற்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. முகமோ, பரீட்சையில் தேறிய பையனின் முகம்.

"அம்மா" என்றான். "நான் கடிக்கலம்மா."

"டேய்..." என்றார் மாமியார்.

"கேட்டியா தம்பி? நான் கடிக்கல. சூப்பர்வைசர்கிட்டப் போய்ச் சொல்லு. எல்லார்கிட்டயும் சொல்லு. நான் கடிக்கவே இல்ல."

அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் போய் அவன் கையிலிருந்த டார்ச்சை வாங்கி அணைத்தாள். அது அவள் கையைச் சுட்டது. சரியாக வேலை செய்தது.