அடுத்த ஃபெர்ரி வரட்டும்

"அடுத்த ஃபெர்ரி வரட்டும். அப்புறம் தூக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பாடையின் கால்மாட்டில் வழியை மறித்து உட்கார்ந்துகொண்டாள் சந்திரமதி.

தம்பி குணா குனிந்தான். "அக்கரைப் பாம்பூஃபிளாட்ல நமக்கு யாரு இருக்காக்கா?"

"இருக்கா ஒருத்தி. வருவா பாரு."

லம்பா லைன் ஜனம் முழுக்க வாசலில் கூடியிருந்தது. புருஷன் செத்துக் கிடக்கிறான், இவள் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லையே என்று பெண்கள் குசுகுசுத்தார்கள். சந்திரமதியோ கழுத்தை நீட்டித் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவள் தெருவை இவ்வளவு ஆவலாகப் பார்த்ததில்லை.

புருஷன் சிவப்பிரகாசத்துக்குப் பொய் சொல்லவும் சோம்பல். ஒவ்வொரு வருஷமும் புரட்டாசி வந்தால், காட்டைத் தாண்டிப் பாராடாங்கில் ரோடு வேலை என்பார். ராத்திரி வீடு தங்காவிட்டால், "கான்வாய் கெளம்பிருச்சு மதி, அங்கயே படுத்துட்டேன்." காட்டு ரோட்டில் நேரம் பார்த்து வண்டிகளைச் சேர்த்து அனுப்புகிற தீவில் யார் இதைச் சந்தேகப்படுவார்கள்? அவளும் நம்பினாள். போன வருஷம் சட்டைக் காலரில் உதட்டுச்சாயம் இருந்தது. பிறகு பீரோவிலிருந்த அரக்குப் பட்டு காணாமல் போனது. பாராடாங்கில் இருப்பதாகச் சொன்ன ராத்திரி அவரைப் பாம்பூஃபிளாட் படகுத்துறையில் பார்த்ததாக எதிர்வீட்டு விசாலாட்சி வேறு வந்து சொன்னாள். கேட்டதற்கு மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை.

நேற்று குளியலறையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய போனில் ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் கூப்பிட்ட நம்பர் ஒன்று, 'பாராடாங் ஆபீஸ்' என்ற பெயரில் இருந்தது. சந்திரமதி அதற்குத் தன் கையாலேயே செய்தி அனுப்பினாள்: செத்துட்டாரு. பட்டுச்சீலையோட வந்து சேரு.

ஃபெர்ரி வந்து சேரும் சாத்தம் பக்கமிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. சந்திரமதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். இறங்கியதெல்லாம் ஆண்கள். முன்னால் வந்த மீசைக்காரர் கையில் அரக்குப் பட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது.

"எங்கய்யா அவ?"

"யாரு அண்ணி?"

"இந்தச் சீலையக் கட்டுனவ!"

அவர் பாடையைக் காட்டினார். "இவருதான். எங்க பாம்பூஃபிளாட் ராம்லீலா நாடகத்துல மண்டோதரி. என் பேரு தேவேந்திரன், ராவணன் வேஷம்."

யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கல்யாணமான புதிதில் ஆபீஸ் நாடகத்தில் அவர் பெண் வேஷம் கட்டியபோது, "இன்னொரு தடவை கட்டுனா மெயின்லேண்டுக்குக் கப்பலேறிருவேன்" என்று கத்தியவள் அவள். அவரும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்.

"அப்ப எந்தப் பொம்பளையும் இல்லையா?"

"சத்தியமா இல்லண்ணி. உங்களுக்குத் தெரிஞ்சா போயிருவீங்கன்னு பயம். நான் செத்துக் கெடப்பேன், இவரு அழுவாரு. அந்த சீனுக்குத்தான் பப்ளிக்கே வரும்."

தேவேந்திரன் போனில் வீடியோவைப் போட்டார். பட்டுக் கட்டிய சிவப்பிரகாசம் ராவணன் மேல் விழுந்து, "உட்டோ ஜி, உட்டோ!" என்று எழுப்பினார். நெஞ்சில் தட்டினார். புறங்கையால் மூக்கைத் துடைத்து, முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

அந்த அழுகை அத்தனையும் அவளுடையது. மெயின்லேண்டில் அப்பா இறந்து, போகக் கப்பலில் இடம் கிடைக்காமல் அவள் அழுதபோது, பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர் மட்டும்தான்.

"திருட்டு மனுஷா! எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல!" என்று கத்தினாள். ஒருத்தியும் இல்லை, ஒருத்தியும் இல்லை என்று உள்ளே சந்தோஷம் பொங்கியது. பிணத்தின் முன்னால் நிற்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"எடுக்கலாமாக்கா?" என்றான் குணா.

அவள் பட்டை உதறி அவர்மேல் போர்த்தினாள். குனிந்து ஓரத்தை இழுத்துவிட்டவள் அப்படியே அவர்மேல் சாய்ந்தாள். "எந்திரிங்க" என்று நெஞ்சில் தட்டினாள். புறங்கையால் மூக்கைத் துடைத்து, முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

எதிரே நின்ற தேவேந்திரன், பழக்கதோஷத்தில், கண்களை மூடிக்கொண்டார்.